அச்சு விற்க வந்த அச்சிதழ்: த்ராஷர் கதை

நெருப்புப் பிடித்த மாதிரி ஆங்கில எழுத்துகளில் 'த்ராஷர்' என்று போட்ட டி-சர்ட்டை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். போட்டிருப்பவரைக் கேட்டால், ஏதோ துணி கம்பெனி என்பார். உண்மையில் அது ஒரு பத்திரிகையின் பெயர். 1981 ஜனவரியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஸ்கேட்போர்டு பத்திரிகை. இதில் வேடிக்கை என்னவென்றால், அது பிறந்தபோது அந்த விளையாட்டே செத்துக்கொண்டிருந்தது!

கொஞ்சம் பின்னால் போவோம். கலிபோர்னியாவில் ஸ்கேட்போர்டு என்பது சர்ஃபிங்குக்குத் தம்பி மாதிரி. கடலில் அலை இல்லாத நாளில் தெருவில் சறுக்கத்தான் பலகைக்குச் சக்கரம் கட்டினார்கள். அதனால் இதற்கான பத்திரிகையும் சர்ஃபிங் வீட்டிலிருந்தே வந்தது. ஜான் செவர்சன் 1960ல் தொடங்கிய 'சர்ஃபர்' பத்திரிகையின் நிறுவனம், 1964ல் 'தி குவார்ட்டர்லி ஸ்கேட்போர்டர்' என்ற காலாண்டிதழைக் கொண்டுவந்தது. நான்கே இதழ்கள், அவ்வளவுதான். அந்தக் காலக் களிமண் கலவைச் சக்கரம் சின்னக் கல் தட்டினாலே நின்றுவிடும். பையன்கள் விழுந்து அடிபட்டார்கள், பல நகரங்கள் தடை போட்டன, மோகம் அடங்கியது.

1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி யூரித்தேன் சக்கரங்களை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவந்தார். அவை தரையைக் கெட்டியாகப் பிடித்து ஓடின. விளையாட்டு உயிர்பெற்றது. 1975ல் 'ஸ்கேட்போர்டர்' இதழும் மறுபடி வந்தது. தண்ணீர் இறைத்த நீச்சல் குளங்களுக்குள் சறுக்கிய சாண்டா மோனிகா பக்கத்துப் பையன்களைப் பற்றி கிரெய்க் ஸ்டெசிக் அதில் எழுதியவைதான் புகழ்பெற்ற டாக்டவுன் கட்டுரைகள்.

ஆனால் அந்தப் பத்தாண்டின் கடைசியில் மறுபடி சரிவு. ஸ்கேட் பூங்காக்கள் காப்பீட்டுச் செலவைத் தாங்க முடியாமல் ஒவ்வொன்றாக மூடின. 'ஸ்கேட்போர்டர்' 1980ல் 'ஆக்‌ஷன் நவ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு, சர்ஃபிங், பி.எம்.எக்ஸ். சைக்கிள், இசை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தது. 1982ல் அதுவும் நின்றுபோனது.

இந்த இடைவெளியில்தான் த்ராஷர் நுழைகிறது. தொடங்கியவர்கள் ஃபாஸ்டோ விட்டெல்லோவும் எரிக் ஸ்வென்சனும். இருவரும் பத்திரிகைக்காரர்கள் இல்லை. 1978ல் தொடங்கிய 'இண்டிபெண்டென்ட்' என்ற ட்ரக் கம்பெனியின் பங்காளிகள். ட்ரக் என்றால் லாரி இல்லை. பலகையையும் சக்கரத்தையும் இணைக்கிற உலோக அச்சு. ஸ்கேட் பத்திரிகையே இல்லாவிட்டால் விளம்பரம் எங்கே கொடுப்பது? ஆக, அச்சு விற்பதற்காக அச்சடிக்க வந்தவர்கள் என்று சொல்லலாம்! கெவின் தாட்சர் முதல் ஆசிரியர். மலிவான செய்தித்தாள் காகிதத்தில் வெளிவந்தது.

அப்படியானால் இதைச் சுதந்திரமான பத்திரிகை என்று சொல்லலாமா? நியாயமான கேள்விதான். முதலாளிகளுக்குச் சொந்த லாபம் இருந்தது. ஆனால் பையன்கள் சறுக்கினால்தானே ட்ரக் விற்கும்? அதனால் பூங்கா போனபின் கொல்லைப்புறத்தில் மரப்பலகையால் சரிவு கட்டிக்கொண்டவர்களைப் பற்றி த்ராஷர் எழுதியது. அதை எப்படிக் கட்டுவது என்றும் சொல்லிக்கொடுத்தது. பங்க் இசைக்குழுக்களுக்கு இடம் தந்தது. 1983ல் 'ஸ்கேட் ராக்' என்ற பாடல் தொகுப்பு கேசட்டையே வெளியிட்டது. ஊரில் தான் ஒருவன்தான் பலகை வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்த பையனுக்கு இது எவ்வளவு பெரிய தெம்பு!

1983ல் 'ட்ரான்ஸ்வேர்ல்ட்' போட்டிக்கு வந்தது. அதன் பின்னால் இருந்த லேரி பால்மாவும் 'ட்ராக்கர்' என்ற ட்ரக் கம்பெனிக்காரர்தான். த்ராஷர் "சறுக்கு, நொறுக்கு" என்றது. இவர்கள் "சறுக்கு, உருவாக்கு" என்றார்கள்.

த்ராஷர் மேல் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. அட்டையில் முதல் பெண் வர 1989 ஆனது. அவர் காரா-பெத் பர்ன்சைட். 1994ல் ஜெய்மி ரேயஸ். அடுத்து லிஸி அர்மான்டோ வந்தது 2017ல்! கலகம் பேசிய பத்திரிகைக்குப் பாதிப் பேர் கண்ணில் படவில்லை.

பிறகு என்ன ஆனது? 'ட்ரான்ஸ்வேர்ல்ட்', 'சர்ஃபர்' இரண்டும் பல கை மாறி அமெரிக்கன் மீடியா என்ற பெரிய நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன. முதலாவதன் அச்சுப் பதிப்பு 2019ல் நின்றது, இரண்டாவது 2020ல். விட்டெல்லோ 2006லும் ஸ்வென்சன் 2011லும் இறந்த பிறகும் த்ராஷர் மட்டும் பெரிய நிறுவனம் எதற்கும் போகாமல் தொடர்ந்து அச்சாகிறது.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். பத்திரிகை நடத்துபவருக்கு லாப நோக்கம் இருக்கிறதா என்பது மட்டும் கேள்வி இல்லை. விளையாட்டு நொடித்துப்போனால் அவரும் சேர்ந்து நொடிப்பாரா, அல்லது கடையை மூடிவிட்டு அடுத்த வியாபாரத்துக்குப் போய்விடுவாரா என்றும் பார்க்க வேண்டும். த்ராஷர்காரர்களுக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை.