எல்லைக்கோடும் மங்கல் அளவையியலும்



2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் திகதி காலையில் இலங்கையின் கரையோரத்தை ஆழிப்பேரலை அழித்துச் சென்ற செய்தியை நான் புதிதாகக் கூறவேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய ஊர்களிலே கிழக்கே கடலும் மேற்கே வயல்வெளியும் அமைந்திருக்க, இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்திலேதான் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். அவ்வழிவின் பின்னர், கடலை அண்டி மீண்டும் வீடு கட்டலாகாதென அரசாங்கம் ஒரு விதியை வகுத்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அவ்வெல்லைக்குள் வீடிழந்தவருக்கு வேறிடத்தில் வீடு. எல்லைக்கு அப்பால் இழந்தவருக்கு அவ்விடத்திலேயே கட்டுவதற்குப் பணவுதவி.

அப்பொழுது நான் உயர்தர வகுப்புக்கு அளவையியல் கற்பிக்கும் ஆசிரியனாக இருந்தேன். மாணவன் ஒருவனுடைய தந்தையார் என்னிடம் வந்து, “அளவு நாடா எங்கட வீட்டுக்கு நடுவால போகுது சேர். மண்டபம் எல்லைக்கு உள்ளுக்கு, குசினி வெளியில. கடலுக்கு இது தெரியுமா?” என்று கேட்டார். அன்று என்னால் மறுமொழி கூற இயலவில்லை. அவர் கேட்ட கேள்வி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்களை வாட்டிவந்த ஒன்றென்பதும், அதற்கு விடைகாண முயன்ற ஒரு கலை உலகில் இருக்கின்றதென்பதும் பின்னரே எனக்குத் தெரியவந்தன. மங்கல் அளவையியல் என நாம் அழைக்கக்கூடிய அக்கலையை ஆங்கிலம் கற்றோர் ‘ஃபஸி லொஜிக்’ என்பர். அதன் வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

பண்டைக் கிரேக்கத்தில் அரிஸ்டோட்டில் வகுத்த அளவையியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று இடைநிலையை விலக்குவதாகும். ஒரு கூற்று மெய்யாகும், அல்லது பொய்யாகும். மூன்றாவது நிலை அதற்கு இல்லை. கணிதமும் இக்காலக் கணினியும் இவ்விதியின்மேலேயே எழுந்து நிற்கின்றன. ஆயினும் அதே கிரேக்க நாட்டில், அதே நூற்றாண்டில், இயூபுலிடீஸ் என்னும் அறிஞர் ஒரு புதிரை முன்வைத்தார். அதனை நமது களவெட்டியில் வைத்துப் பார்ப்போம். பொலியாகக் குவிந்து கிடக்கும் நெல்லிலிருந்து ஒரு மணியை எடுத்தால் எஞ்சுவது குவியல்தானே? இன்னொரு மணியை எடுத்தாலும் அது குவியல்தானே? இவ்வாறே ஒவ்வொன்றாய் எடுத்துச் சென்று ஈற்றில் ஒரேயொரு மணி எஞ்சும்போது, அதனையும் குவியல் என்போமா? அன்றென்றால், எந்த மணியை எடுத்தபோது குவியல் இல்லாமற் போயிற்று? மெய், பொய் என்னும் இரண்டை மாத்திரம் கைக்கொண்ட அளவையியலால் இக்கேள்விக்கு எளிதில் விடைகூற முடியவில்லை.

படிப்படியாக வேறுபடும் பொருளை அளவிட்டுக் கூறும் பழக்கம் நமக்குப் புதியதன்று. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை, மகரக் குறுக்கத்துக்குக் கால் என ஒலியை அளந்து சொன்னவர்கள் தமிழ் இலக்கண ஆசிரியர்கள். ஒலிக்கு இயன்ற இவ்வளவு மெய்ம்மைக்கும் இயலுமா என்பதே பிற்காலத்தார் கேள்வியாயிற்று. 1920இல் போலந்து நாட்டு அறிஞர் யான் லுக்காசியேவிச், மெய்க்கும் பொய்க்கும் இடையே மூன்றாவதொரு பெறுமானத்தைச் சேர்த்து அளவையியலை அமைத்துக் காட்டினார். 1937இல் மக்ஸ் பிளாக் என்னும் தத்துவ அறிஞர் சொற்களின் தெளிவின்மையை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். எனினும் இவை அறிஞர் வட்டத்துக்குள்ளேயே நின்றன.

இதனைப் பொறியியலின் கருவியாக்கியவர் லொத்பி ஸாதே. 1921இல் அசர்பைஜானின் தலைநகரான பாக்கூவிற் பிறந்து, பத்து வயதளவில் ஈரானின் தெஹ்ரானுக்குக் குடிபெயர்ந்து, அங்கே பொறியியல் கற்று, 1944இல் அமெரிக்கா சென்று, 1959 முதல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திற் பேராசிரியராக விளங்கினார். 1965இல் அவர் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் பிறப்புச் சாசனம் எனலாம். நம் மாணவர் கணித வகுப்பிற் கற்கும் ‘தொடை’யில் ஒரு பொருள் அடங்கும், அல்லது அடங்காது. ஸாதேயோ, ஒரு பொருள் ஒரு தொடையில் ஓரளவு அடங்கலாம் என்றார். முற்றாக அடங்கினால் 1, சற்றும் அடங்காவிடில் 0, இடைப்பட்டவற்றுக்கு 0.3, 0.75 என இடைப்பட்ட எண்கள்.

இவ்வெண்ணை நிகழ்தகவு என மயங்குதல் கூடாது. நாளை மழை பெய்யுமா என்பது நிகழ்தகவைப் பற்றிய கேள்வி. இப்பொழுது பெய்துகொண்டிருக்கும் மழை கனமழையா என்பது அளவைப் பற்றிய கேள்வி. மழை கண்முன்னே பெய்கின்றது. ‘கனம்’ என்னும் சொல் அதற்கு எவ்வளவு பொருந்துகின்றது என்பதே இங்கு எழும் வினா.

இனி, நம் கரையோரத்துக்கே திரும்புவோம். விளக்கத்துக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கின்றேன். இவை எவரும் விதித்தவை அல்ல. கடலிலிருந்து 100 மீற்றருக்குள் இருக்கும் வீட்டைக் ‘கடலுக்கு அண்மை’ என்னும் தொடையில் 1 என்றும், 300 மீற்றருக்கு அப்பாலுள்ளதை 0 என்றும், இடையிலுள்ளவற்றைச் சீராகக் குறைந்து செல்பவை என்றும் கொள்வோம். அவ்வாறாயின் 199 மீற்றரில் உள்ள வீட்டின் அளவு 0.505; 201 மீற்றரில் உள்ளதன் அளவு 0.495. கோட்டின் இருபுறமும் நின்ற அவ்விரு வீடுகளும் ஏறக்குறைய ஒன்றே என்பது இதனால் விளங்கும்.

அடுத்து, கடல்மட்டத்துக்கு மேல் 2 மீற்றருக்கு உட்பட்ட நிலத்தைத் ‘தாழ்நிலம்’ என்னும் தொடையில் 1 என்றும், 6 மீற்றருக்கு மேற்பட்டதை 0 என்றும் கொள்வோம். ‘கடலுக்கு அண்மையிலும் தாழ்நிலத்திலும் இருந்தால் ஆபத்து அதிகம்’ என்று ஒரு விதி அமைப்போம். ‘இதுவும் அதுவும்’ என்று வருமிடத்தில் இரண்டினுட் சிறிய எண்ணை எடுப்பது ஸாதே காட்டிய முறை. 199 மீற்றர் தூரத்து வீடு 5 மீற்றர் உயரமான மணல்மேட்டில் இருப்பின், தாழ்நில அளவு 0.25, ஆகவே ஆபத்தின் அளவும் 0.25. 201 மீற்றர் தூரத்து வீடு 2 மீற்றர் உயரமான பள்ளத்தில் இருப்பின், ஆபத்தின் அளவு 0.495. எல்லைக்கு வெளியிலிருந்த வீடே ஏறத்தாழ இருமடங்கு ஆபத்துக்குரியதாகின்றது! கடலுக்கு நாடா தெரியாது. மேடும் பள்ளமுமே தெரியும்.

எண்ணமாய் நின்ற இதனை இயந்திரத்தில் ஏற்றியவர் இப்ராஹிம் மம்தானி. 1942இல் கிழக்காபிரிக்காவிற் பிறந்த அவர், இந்தியாவின் பூனே நகரிற் பொறியியல் கற்றுப் பின்னர் இலண்டன் சென்றவர். 1970களின் நடுப்பகுதியில் குயின் மேரி கல்லூரியில் அசிலியான் என்னும் தம் மாணவரோடு சேர்ந்து, ஒரு சிறிய நீராவி இயந்திரத்தை மங்கல் விதிகளால் இயக்கிக் காட்டினார். ‘அமுக்கம் மிகக் குறைந்திருந்தால் வெப்பத்தை மிகக் கூட்டு, சற்றே குறைந்திருந்தால் சற்றே கூட்டு’ என்பன போன்ற, அநுபவமுள்ள தொழிலாளி வாய்மொழியாகக் கூறக்கூடிய விதிகளே அவை. ஒரே நேரத்திற் பல விதிகள் வெவ்வேறு அளவிற் பொருந்தும். அவற்றின் முடிவுகளைச் சேர்த்து, ஈற்றில் இவ்வளவு கூட்டுக என ஒரே எண்ணாக இயந்திரத்துக்குக் கொடுக்கப்படும்.

அதன் பின்னர் பயன்கள் பெருகின. டென்மார்க்கில், சீமேந்துச் சூளையைக் காக்கும் தொழிலாளரின் கைப்பழக்கம் இவ்விதிகளாக எழுதப்பட்டுச் சூளையை இயக்கியது. ஜப்பானின் செண்டாய் நகரில் 1987இல் திறக்கப்பட்ட சுரங்க ரயில், நின்றுகொண்டிருக்கும் பயணிகள் குலுங்காவண்ணம் வேகமெடுக்கவும் நிற்கவும் இம்முறையைக் கையாண்டது. 1990இல் அந்நாட்டு மட்சுஷிட்டா நிறுவனம், நீரின் கலங்கலை ஒளியால் அறிந்து, அழுக்கின் அளவுக்கேற்பச் சலவை நேரத்தைத் தானே தீர்மானிக்கும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சோறாக்கும் மின்கலங்களும் நிழற்படக் கருவிகளும் அவ்வழியே வந்தன.

இதற்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. தெளிவின்மைக்கு விஞ்ஞானத்தில் இடமளிக்கலாகாதென அமெரிக்காவிலேயே பெயர்பெற்ற பொறியியலாளர் சிலர் வாதிட்டனர். எந்த எண்ணைத் தொடக்கமாகவும் எதனை முடிவாகவும் கொள்வது என்பதை மனிதரே தீர்மானிக்க வேண்டியிருப்பது மெய்யாகவே ஒரு குறைதான். நான் சற்றுமுன் வைத்த 100, 300 என்னும் எண்களையும் நேயர்கள் கேள்விக்குட்படுத்தலாம். எனினும் 2017ஆம் ஆண்டு தமது 96ஆம் வயதில் ஸாதே மறைந்தபோது, அவர் கருத்து உலகெங்கும் வீடுகளுக்குள்ளும் ஆலைகளுக்குள்ளும் புகுந்திருந்தது.

200 மீற்றர் விதியும் நிலைக்கவில்லை. பின்னர் அது தளர்த்தப்பட்டு, இடத்துக்கேற்ப வேறுபடும் தூரங்கள் ஏற்கப்பட்டன. சட்டத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பேரிடர் வேளையிற் பல்லாயிரம் வீடுகளை ஒவ்வொன்றாய் எடைபோட அவகாசமும் இராது. மங்கல் விதியாற் கிடைப்பதும் ஈற்றில் ஒரு தீர்மானமே. ஆயினும் அத்தீர்மானத்துக்கு முன், தூரத்தோடு உயரத்தையும் அது கேட்டறிகின்றது.

இன்று அதிபராயிருக்கும் எனக்கு ஒவ்வொரு தவணையிலும் புள்ளிப் பட்டியல் வருகின்றது. 35 பெற்றவன் சித்தியடைகின்றான். 34 பெற்றவன் தவறுகின்றான். பட்டியலில் நான் கையொப்பமிட்டே ஆகவேண்டும். ஆனால் கையொப்பமிட்ட பின், 34 பெற்ற பிள்ளையை அழைத்து, எந்த வினாவிற் பிழைத்தான், வீட்டில் படிப்பதற்கு இடமிருக்கின்றதா என்று கேட்கின்றேன். நாடாவின் நடுவே வீட்டைப் பறிகொடுத்த அந்தத் தந்தையார் எனக்குக் கற்பித்த பாடம் இது.