வேனிற்காலத்து ஊதியம்

கோடை விடுமுறை என்றதும் நமக்கு மாம்பழமும் பாட்டி வீடும் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்கப் பெருநகரங்களின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கோ, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பள்ளியும் இல்லை, கையில் காசும் இல்லை, செல்வதற்குத் தக்க இடமும் இல்லை. அவர்களுக்கு அரசாங்கமே பொருள் கொடுத்து வேலை தந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

இதன் வித்து பொருளாதார மந்தத்தின்போது ஊன்றப்பட்டது. 1935 ஜூன் மாதத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 'தேசிய இளைஞர் நிர்வாகம்' என்றோர் அமைப்பை ஏற்படுத்தினார். படிப்பைத் தொடர வசதியற்ற உயர்நிலைப் பள்ளி மாணவர் சிறு பணிகள் செய்து மாதம் 6 டாலர் வரை பெற்றனர். டெக்ஸாஸ் மாநிலத்தில் அதன் இயக்குநராக அமர்ந்தவர் 26 வயது இளைஞர். வழிப்போக்கர் இளைப்பாறும் பூங்காக்களை நெடுஞ்சாலை ஓரங்களில் அமைக்கும் வேலையை அவர் இளைஞர்களுக்கு அளித்தார். அவர்தாம் லிண்டன் ஜான்சன். யுத்தத்தின் நடுவே, 1943-இல், அவ்வமைப்பு கலைக்கப்பட்டது; ஆயினும் ஜான்சன் அதை மறந்தாரல்லர்.

ஜனாதிபதியான பின், 1964 ஆகஸ்ட் 20-ஆம் நாள், வறுமை ஒழிப்புச் சட்டத்தில் அவர் கையொப்பமிட்டார். அதன் வழியே பிறந்த இளைஞர் படை, ஏழைப் பிள்ளைகளுக்குக் கோடை வேலைகளையும் வழங்கியது. மறு ஆண்டே லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் கலகம் மூண்டு 34 பேர் மாண்டனர். அதன் பிறகு, தெருக்கள் அமைதியாக இருக்க வேண்டுமே என்ற அச்சத்தாலும் பணம் ஒதுக்கப்பட்டது. உயர்ந்த நோக்கம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் கூலி பெற்ற பிள்ளைக்கு அது கூலிதான்.

1998-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் கோடைக்கெனத் தனியாக இருந்த மத்திய அரசின் திட்டத்தை முடித்து வைத்தது. வேலை தருவது பிற்காலச் சம்பாத்தியத்தை உயர்த்த வேண்டும். உயர்த்தாவிடில் செலவு எதற்கு என்பது அந்நாளைய வாதம். நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்கள் தம் பணத்தையும் போட்டுத் திட்டத்தைக் காப்பாற்றின.

நியூயார்க்கில் விண்ணப்பங்கள் மிகுதி, இடங்களோ குறைவு. ஆகவே குலுக்கல் முறையில் ஆள் எடுத்தார்கள். யாரும் எண்ணிப் பாராத வகையில் இதுவே பெரிய சோதனைச்சாலையாயிற்று. 2005 முதல் 2008 வரை விண்ணப்பித்த ஏறத்தாழ 3 லட்சம் பேரின் பிற்கால நிலையைப் பொருளாதார அறிஞர் மூவர் ஆராய்ந்தனர். சீட்டு விழுந்தவர்களின் பிற்காலச் சம்பாத்தியம் உயரவில்லை. கல்லூரியில் சேர்ந்தோர் தொகையும் கூடவில்லை. வாதம் செய்தவர்கள் சொன்னது சரிதானே என்று தோன்றும். ஆனால் அதே ஏடுகளை மரணப் பதிவுகளோடும் சிறைப் பதிவுகளோடும் ஒப்பிட்டபோது வேறொன்று புலனாயிற்று. சீட்டு விழுந்தவர்களில் சிறை சென்றோர் குறைவு. இளமையில் இறந்தோரும் குறைவு.

சிகாகோவில் 2012-ஆம் ஆண்டு, வன்முறை மிகுந்த பகுதிகளின் 13 பள்ளிகளைச் சேர்ந்த 1,634 பேரிடையே இத்தகைய ஆய்வு நடைபெற்றது. எட்டு வாரம் வேலை, குறைந்தபட்சக் கூலி, வழிகாட்ட மூத்தவர் ஒருவர். அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதானது 43 சதவிகிதம் குறைந்தது. பிள்ளைகள் வேலையில் இருந்ததால் தெருவில் இல்லை, அவ்வளவுதான் என்று இதைத் தள்ளிவிடவும் இயலாது. குறைவின் பெரும்பகுதி அந்த எட்டு வாரமும் முடிந்த பின்னரே ஏற்பட்டது. குறித்த நேரத்தில் ஓரிடம் சென்று, பெரியவர் ஒருவரிடம் பேசி, கோபத்தை அடக்கிப் பழகிய பழக்கம் உடன் சென்றது போலும்.

நியூயார்க் குலுக்கலில் சீட்டு விழாதவர்களும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர். சீட்டு விழுந்தவர்களைப் போலவே அவர்களும் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, அதே கோடைக்காகக் காத்திருந்தவர்களே.