சுண்டெலியின் பயம்: மரபணுவா, பிடித்த கையா?

போடிமெட்டுச் சரிவில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஒரே தூரிலிருந்து பிரித்த இரண்டு கன்றுகளில் ஒன்றை மர நிழலிலும் இன்னொன்றை வெயில் விழும் இடத்திலும் நட்டால், இரண்டும் ஒரே மாதிரி காய்க்காது. ரகம் ஒன்றுதான், இடம் வேறு. தோட்டக்காரருக்குச் சாதாரணமான இந்த உண்மை, ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிகள் விஷயத்தில் 1999-ல் விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தது.

முதலில் இந்த எலிகள் வந்த கதை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரான்பி என்ற ஊரில், அபி லாத்ரோப் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை செல்லப்பிராணியாக விற்பதற்குச் சுண்டெலி வளர்த்தார். விஞ்ஞானிகளும் வாங்க வந்துவிட்டார்கள்! அவருடைய எலிகளிலிருந்து 1921-ல் கிளாரன்ஸ் லிட்டில் உருவாக்கியதுதான் 'சி57 பிளாக்' என்ற கருப்பு எலி வம்சம். கூடப் பிறந்த எலிகளையே தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்ததால், ஒரு வம்சத்து எலிகள் எல்லாம் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. 1929-ல் லிட்டில் தொடங்கிய ஜாக்சன் ஆய்வுக்கூடம் இன்றும் இவற்றை விற்கிறது. (ஒரு சின்ன வியாபாரம் எங்கே போய் நின்றது பாருங்கள்.)

சரி, எலியின் பயத்தை எப்படி அளப்பது? தரையிலிருந்து உயர்த்தி வைத்த, கூட்டல் குறி வடிவத்தில் ஒரு பாதை. நான்கு கிளைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்குக் கிடையாது. பயந்த எலி சுவருக்குள்ளேயே ஒதுங்கி நிற்கும். பயம் குறைந்தது திறந்த பக்கம் போய் எட்டிப் பார்க்கும். எவ்வளவு நேரம் எங்கே இருந்தது என்று கணக்கெடுக்க வேண்டியதுதான். 1980களில் வந்த இந்தச் சோதனையில், பதற்றம் தணிக்கும் மருந்து கொடுத்த எலிகள் திறந்த பக்கம் அதிகம் போயின. அதனால் இதன்மேல் நம்பிக்கை பிறந்தது. பிறகு ஒரு மரபணுவை நீக்கிய எலி வித்தியாசமாக நடந்துகொண்டால், 'பயத்தின் மரபணு கிடைத்தது' என்று செய்தி வர ஆரம்பித்தது.

அதைத்தான் ஜான் கிராப், டக்ளஸ் வால்ஸ்டன், புரூஸ் டுடெக் மூவரும் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் போர்ட்லாண்ட், ஆல்பனி; கனடாவில் எட்மன்டன். மூன்று ஊரிலும் அதே எட்டு வகை எலிகள். அதில் ஒரு வகை, செரட்டோனின் ஏற்பி ஒன்றின் மரபணு நீக்கப்பட்டது. ஒரே கருவி, ஒரே வயது, வளர்ப்பு முறையும் முடிந்தவரை ஒன்று. 1998 ஏப்ரலில் ஒரே நாளில் தொடங்கினார்கள்.

ஆனாலும் முடிவுகள் ஒத்துப்போகவில்லை! எட்மன்டன் எலிகள் மற்ற இரண்டு ஊர் எலிகளைவிடத் திறந்த கிளைகளில் அதிக நேரம் இருந்தன. மரபணு நீக்கிய எலிக்கும் சாதாரண எலிக்கும் உள்ள வித்தியாசம்கூட, சில சோதனைகளில் ஊருக்கு ஊர் மாறியது. இதற்காக மரபணு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எந்த வம்சம் சாராயத்தை விரும்பிக் குடிக்கும் என்பது மூன்று ஊரிலும் ஒரே மாதிரிதான் வந்தது. குடிப்பழக்கம் நிலையாக இருக்கிறது, பயம்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது!

எட்மன்டனில் சோதித்தவர்களில் ஒருவருக்கு எலி ஒவ்வாமை. வடிகட்டிய காற்று வரும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வேலை செய்தார். அதுதான் காரணமா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆனால் கையாளும் விதம் முக்கியம் என்பது பின்னால் தெளிவானது. வாலைப் பிடித்துத் தூக்கிய எலிகளைவிட, உள்ளங்கையில் ஏந்தியோ குழாய்க்குள் நுழையவிட்டோ எடுத்த எலிகள் குறைவாகப் பயந்தன என்று 2010-ல் இங்கிலாந்தில் ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் காட்டினார்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்தாலே, ஏன், ஆண் போட்டுக் கழற்றிய பனியன் இருந்தாலே எலிகளுக்கு மன அழுத்தம் ஏறுகிறது என்று 2014-ல் மொகில் என்பவரின் கனடாக் குழு கண்டது.

பதற்ற மருந்துகளைச் சோதிக்க இந்தக் கூட்டல் குறிப் பாதை பரவலாகப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் பழைய ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில், சோதித்தவர் ஆணா பெண்ணா, எலியை எப்படித் தூக்கினார் என்று ஒரு வரிகூட இருக்காது.