ஐனோ கல்லாஸ்

ஐனோ கல்லாஸ் (1878–1956) வாழ்நாள் முழுவதும் ஃபின்னிய மொழியில் எழுதினார். அவருடைய சிறந்த கதைகள் எல்லாம் எஸ்தோனியாவில் நடக்கின்றன. இரு நாட்டு இலக்கிய வரலாறுகளும் அவரை உரிமையோடு சேர்த்துக்கொள்கின்றன என்றாலும், அவரது நாட்குறிப்புகளும் காதல் வாழ்வும் பேசப்படும் அளவுக்குக் கதைகளின் உள்ளமைப்பு பேசப்படுவதில்லை. அவருடைய முதன்மையான சாதனை அந்த அமைப்பில்தான் இருக்கிறது. தண்டிக்கப்பட்டவர்களின் கதையை, தண்டித்த தரப்பின் மொழியிலேயே சொல்லி, அந்த மொழியையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார் அவர்.

பிறந்தது, அன்று ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ஃபின்லாந்தின் வீபுரியில். தந்தை யூலியுஸ் குரோன் 'சுவோனியோ' என்ற புனைபெயரில் கவிதை எழுதியவர். ஃபின்னியக் காவியமான 'கலேவலா'வின் ஆய்வுக்கு அடித்தளம் இட்ட அறிஞர்களில் ஒருவர். 1888-இல் அவர் படகு விபத்தில் இறந்தபோது ஐனோவுக்குப் பத்து வயது. அண்ணன் கார்லே குரோன் பின்னாளில் நாட்டார் வழக்காற்றியலில் உலகறிந்த பெயரானார். 1897-இல் தந்தையின் புனைபெயரையே தன் பெயரோடு சேர்த்து முதல் கவிதை நூலை வெளியிட்ட ஐனோ, 1900-இல் எஸ்தோனிய நாட்டாரியல் ஆய்வாளர் ஓஸ்கர் கல்லாஸை மணந்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு 1903-இல் இருவரும் தார்த்து நகருக்குக் குடிபெயர்ந்தனர். நாட்டுப்புறப் பாடல்களின் மெட்டுகளைத் திரட்டும் பெரும் பணியை ஓஸ்கர் அங்கிருந்து நடத்தினார். ஊர் ஊராகச் சேகரிக்கப்பட்ட பாட்டும் கதையும் வந்து சேர்ந்த வீடு அது. ஐனோவின் எழுத்துக்கு வேண்டிய விதைநெல் அங்கேதான் கிடைத்தது.

தொடக்கக் கதைகளின் மையம் பண்ணையடிமை முறை. சட்டப்படி அது எஸ்தோனியப் பகுதிகளில் 1816-இலும் 1819-இலும் ஒழிக்கப்பட்டாலும், நிலம் ஜெர்மானியப் பிரபுக்களின் கையிலேயே இருந்தது. 1904-இலும் 1905-இலும் வெளிவந்த 'கடலுக்கு அப்பாலிருந்து' தொகுதிகளில் சவுக்கடிக்கு உட்படும் உடல்களைக் கூசாமல் எழுதினார். 1913-இன் 'புறப்படும் கப்பல்களின் நகரம்' தொகுதியில் இந்தக் கலை முதிர்ச்சி அடைகிறது. அதில் ஒரு கதையில், ரஷ்யப் பேரரசின் 1905 புரட்சியை ஒடுக்க வந்த தண்டனைப் படையினர் பெர்ன்ஹார்ட் ரீவெஸ் என்ற குடியானவனுக்குக் கசையடி விதிக்கிறார்கள். அடி வாங்கினால் உயிர் பிழைக்கலாம். குப்புறப் படுக்க மறுத்து, நின்றபடியே குண்டுக்கு மார்பு காட்டுகிறான் அவன். இன்னொரு கதையின் வித்து வரலாற்றிலேயே இருக்கிறது: 1861-இல் மால்ட்ஸ்வெட் என்ற தீர்க்கதரிசியை நம்பியவர்கள், தங்களை ஏற்றிச் செல்ல ஒரு வெள்ளைக் கப்பல் வரும் என்று தாலின் அருகே லாஸ்னமே மேட்டில் கடலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். கப்பல் வரவில்லை. அந்த ஏழைகளைப் பேதைகள் என்று கல்லாஸ் ஓரிடத்திலும் சொல்வதில்லை. நிலமற்றவர்கள் கடலைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்கள் என்பதே அவர் பார்வை.

1918-இல் எஸ்தோனியா விடுதலையை அறிவித்தது. ஓஸ்கர் முதலில் ஹெல்சிங்கியிலும், 1922 முதல் 1934 வரை லண்டனிலும் அந்நாட்டின் தூதரானார். தூதரின் மனைவி என்ற பொறுப்பு, நான்கு பிள்ளைகள், விருந்துகள், சொற்பொழிவுகள், இவற்றுக்கு நடுவே வந்தவைதான் அவரது மூன்று உச்சப் படைப்புகள்: 'பார்பரா ஃபான் டீசன்ஹூசென்' (1923), 'ரெய்கியின் பாதிரியார்' (1926), 'ஓநாயின் மணமகள்' (1928). மூன்றும் பழைய நூற்றாண்டுகளில் நடப்பவை. பழைய ஏடுகளின் நடையைத் தழுவிய தொன்மையான ஃபின்னியத்தில் எழுதப்பட்டவை. பார்பராவின் கதை பல்தசார் ருசோவின் லிவோனிய வரலாற்றில் சுருக்கமாக வருவது. உயர்குடிப் பெண் ஒருத்தி சாதாரண எழுத்தரைக் காதலிக்கிறாள். 1553-இல் உடன்பிறந்த சகோதரர்களே உறைந்த ஏரியில் துளையிட்டு அவளை மூழ்கடிக்கிறார்கள். கல்லாஸ் இதைச் சொல்ல வைப்பது ஒரு பாதிரியாரை. 'ரெய்கியின் பாதிரியார்' நூலில் பாதிரியாரின் மனைவி உதவிப் பாதிரியாரோடு ஓடிப்போகிறாள். இருவரும் தாலினில் தலை வெட்டப்படுகிறார்கள். கதையைச் சொல்பவர் கைவிடப்பட்ட கணவரே.

'ஓநாயின் மணமகள்' ஹியூமா தீவில் நடக்கிறது. வனக்காவலன் பிரீதிக்கின் மனைவி ஆலோ, காட்டின் குரலுக்குச் செவிசாய்த்து, ஓநாய்த்தோல் போர்த்தி, இரவில் ஓநாய்க் கூட்டத்தோடு திரிகிறாள். குழந்தை பெறுவதற்கு அவள் ஒதுங்கும் சவுனாக் குடிலுக்கு ஊரார் தீ வைக்கிறார்கள். திருமண மோதிரத்தின் வெள்ளியை உருக்கி வார்த்த குண்டால் பிரீதிக் பின்னர் அந்த ஓநாயைச் சுடுகிறான். கதைசொல்லி இறையச்சம் மிக்கவர்; எல்லாவற்றையும் சாத்தானின் வேலை என்கிறார். ஆனால் ஆலோ காட்டுக்குள் ஓடும் பகுதி வரும்போது அவருடைய வாக்கியங்களே மகிழ்ச்சியில் துள்ளத் தொடங்குகின்றன. வாய் கண்டிக்கிறது, நடை கொண்டாடுகிறது. வாசகர் இரண்டில் எதை நம்புவார் என்பதில் ஐயமே இல்லை.

இந்தத் தொன்மை நடை நிகழ்காலத்திலிருந்து தப்பியோடும் வழி, சமூகக் கதை எழுதிக்கொண்டிருந்தவர் அரண்மனை விருந்துகளுக்குப் போன பிறகு பழங்கதைக்குள் ஒதுங்கிவிட்டார் என்று வாதிடலாம். படைப்புகளை வரிசையாகப் படித்தால் அந்த வாதம் நிற்பதில்லை. ரீவெஸின் முதுகும் பார்பராவின் உடலும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன: ஓர் உடலின் மீது சட்டத்துக்கும் குடும்பத்துக்கும் உள்ள உரிமை எவ்வளவு? முதலில் குடியானவர்களை வைத்துக் கேட்டதை அவர் பிறகு பெண்களை வைத்துக் கேட்டார். இருபதாம் நூற்றாண்டின் குரலில் அவரே நேரடியாகக் கண்டித்திருந்தால், பார்பராவின் சாவு கொடியவர்கள் சிலரின் குற்றமாகச் சுருங்கியிருக்கும். பாதிரியார் சொல்வதால், நல்லவர்களும் சேர்ந்து கட்டிக்காத்த ஒரு முறையாக அது தெரிகிறது.

அயல்நாட்டுப் பெண் எஸ்தோனியர்களின் துயரத்தை எடுத்து எழுதலாமா என்பது இன்னும் கனமான கேள்வி. விதி பெரிதாகவும் பேச்சு சிறிதாகவும் அவருடைய குடியானவர்கள் சில இடங்களில் சிலைபோல் நின்றுவிடுகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும், தார்த்துவில் 'இளம் எஸ்தோனியா' இலக்கிய இயக்கத்தாரோடு பழகி, 1918-இல் அவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதியவர் அவர். அந்த இயக்கத்தின் முதன்மை எழுத்தாளரான ஃபிரீடெபெர்ட் துக்லாஸ்தான் அவருடைய கதைகளை எஸ்தோனியத்தில் மொழிபெயர்த்தார். தன் மொழியின் நடையைப் புதுப்பிக்கப் போராடிய ஒருவர் அந்த உழைப்பைத் தந்தது வெறும் உபசாரத்துக்காக இருக்க முடியாது. எதிர்த்திசையில் பயணித்த நாடகாசிரியர் ஹெல்லா வுவோலியோகியோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். எஸ்தோனியாவில் பிறந்த அவர் ஹெல்சிங்கிக்குப் படிக்க வந்து, மொழியையே மாற்றிக்கொண்டு, 'நிஸ்கவுவோரி' நாடகங்களால் ஃபின்னிய மேடையின் உள்ளாளாகவே ஆகிவிட்டார். கல்லாஸ் மொழியை மாற்றவில்லை. அதனால் வந்த தூரமே, உள்ளூர்க்காரருக்குப் பழகிப்போனதை அவர் கண்ணில் உறுத்த வைத்தது.

கவிஞர் எய்னோ லெய்னோவோடு அவருக்கு இருந்த காதல், 1952 முதல் 1956 வரை ஐந்து தொகுதிகளாக வந்த நாட்குறிப்புகளின் வழியே பரவலாக அறியப்பட்டது. எழுதும் பெண்ணுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் இடையே நடந்த போரின் அரிய ஆவணம் அது. அதையே அவரது தலைசிறந்த நூலாகக் கருதுவோரும் உண்டு. ஆனால் ஆலோவை லெய்னோவைக் காதலித்த ஐனோவாக மட்டும் வாசித்தால், தீ வைத்த ஊரார் கதையிலிருந்து மறைந்துபோகிறார்கள். அது பெரிய இழப்பு.

இரண்டாம் உலகப்போர் இரண்டு பிள்ளைகளைப் பறித்தது. 1944-இல் கணவரோடு ஸ்வீடனுக்குத் தப்பினார். 1946-இல் ஓஸ்கர் அங்கே இறந்தார். 1953-இல் ஃபின்லாந்துக்குத் திரும்பி, 1956 நவம்பர் 9-இல் ஹெல்சிங்கியில் மறைந்தார். ஆங்கிலத்தில் 1924-இல் வந்த 'வெள்ளைக் கப்பல்' தொகுப்புக்கு ஆங்கில எழுத்தாளர் ஜான் கால்ஸ்வர்தி முன்னுரை எழுதியிருந்தார். 'ஓநாயின் மணமக'ளை ஃபின்னிய இசையமைப்பாளர் தௌனோ புல்க்கனேன் ஓப்பராவாக்கினார்; பார்பராவையும் ரெய்கி பாதிரியாரையும் ஸ்வீடனில் புலம்பெயர்ந்து வாழ்ந்த எஸ்தோனிய இசையமைப்பாளர் எதுவார்ட் துபின் ஓப்பராக்களாக்க, அவை சோவியத் ஆட்சிக்கால எஸ்தோனியாவில் மேடையேறின. ஹியூமாவை ஒட்டிய கஸ்ஸாரியில் அவர் கோடைகளைக் கழித்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. எஸ்தோனியத் தாய்க்கு ஃபின்லாந்தில் பிறந்த சோஃபி ஒக்சனென் 2008-இல் ஃபின்னியத்தில் எழுதிய 'புஹ்திஸ்துஸ்' நாவலும், எஸ்தோனியப் பெண்களின் உடல்மீது ஆட்சிகள் செலுத்திய வன்முறையைத்தான் பேசுகிறது.