ரோபோவுக்குப் பின்னால் உட்காரும் டாக்டருக்கு வாத்தியார் யார்?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஆபரேஷன் தியேட்டரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பிசினஸ் லா வகுப்பில் 'விற்றவரின் பொறுப்பு' பாடம் நடந்தபோது, வெளியே துருவிப் படித்ததில் மாட்டிய கதை இது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889ல் திறந்தது. அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் ஒரு பயிற்சி முறையை வளர்த்தார். இளம் டாக்டர்கள் வருடக்கணக்கில் அங்கேயே தங்கி, சீனியர் பக்கத்தில் நின்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தியைக் கையில் வாங்க வேண்டும். கிட்டத்தட்ட குருகுலம்தான். பிறகு அதுவே உலகமெங்கும் பரவியது.

2000 ஜூலையில் டாவின்சி ரோபோவுக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. சர்ஜன் ஓரமாகத் திரைக்கு முன் உட்கார்ந்து கைகளை அசைப்பார், நோயாளியின் வயிற்றுக்குள் ரோபோவின் கருவிகள் அசையும். ப்ராஸ்டேட் ஆபரேஷனில் இது சீக்கிரமே பிரபலமானது. சுரப்பியை எடுத்தால் மட்டும் போதாது. அறுபட்ட சிறுநீர்ப்பையின் வாயை, சிறுநீர் வெளியேறும் குழாயோடு மறுபடி சேர்த்துத் தைக்க வேண்டும், அதுவும் குறுகலான இடுப்புக்குழிக்குள். மணிக்கட்டு மாதிரி வளையும் கருவிக்கு அது வசதி. ஆனால் அப்போதைய மாடல்களில் தொட்ட உணர்வு கைக்கு வராது, கண்ணை நம்பித்தான் தைக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், சீனியர்களுக்கே மெஷின் புதுசு! அதனால் பயிற்சி கொடுத்தது, மெஷினை விற்ற இன்டியூட்டிவ் சர்ஜிக்கல் கம்பெனி. (காமர்ஸ் மூளைக்கு ஒரு தகவல்: அதன் கருவிகளைக் குறிப்பிட்ட தடவைக்கு மேல் பயன்படுத்த முடியாது, புதிதாக வாங்க வேண்டும். ஆக ஒவ்வொரு ஆபரேஷனும் கம்பெனிக்கு வருமானம்.)

2008ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சர்ஜன், மேற்பார்வையோடு இரண்டு ரோபோ ஆபரேஷன் முடித்துவிட்டு, அடுத்ததைத் தனியாகச் செய்தார். வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறையில் அவர் அனுபவசாலிதான். ஆரம்பத்தில் பருமனானவர்களைத் தவிர்க்கச் சொல்லியிருந்தது கம்பெனி. இந்த நோயாளியோ நல்ல பருமன். மணிக்கணக்கில் போராடி, கடைசியில் ரோபோவை விட்டுவிட்டு வயிற்றைத் திறந்தார்கள். மலக்குடல் கிழிந்திருந்தது. அதன்பின் அந்த மனிதர் தேறவே இல்லை, 2012ல் இறந்துபோனார். அவர் மனைவி வழக்கை நடத்தினார்.

"டாக்டரை எச்சரித்துவிட்டோம், எங்கள் கடமை முடிந்தது" என்பது கம்பெனியின் வாதம். 2013ல் ஜூரி கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. காரணம்தான் சுவாரஸ்யம். மெஷினை வாங்கியது மருத்துவமனை. அதை யார் தொடலாம் என்று முடிவு செய்வதும் மருத்துவமனை. எனவே ஆபத்தை அவர்களிடமும் சொல்ல வேண்டிய கடமை விற்றவருக்கு உண்டு.

எனக்குத் தீர்ப்பு சரி என்றே படுகிறது. ஆனால் இரண்டு போதுமா, இருபது வேண்டுமா என்ற எண்ணிக்கைக்குள் நீதிமன்றம் போகவில்லை. ஆபரேஷன் டேபிளில் படுக்கப்போகிறவருக்கு அதுதானே முக்கியம்? லா காலேஜ் நண்பர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்... தனக்கு இது எத்தனையாவது ஆபரேஷன் என்று டாக்டர் நோயாளியிடம் சொல்லியே ஆக வேண்டுமா?