மங்கையர் பூட்சும் மாந்தர் உழைப்பும்

மாணவர்களே! மேலைநாட்டுக் கடையொன்றில் ஒரு பெண் தோல் பூட்ஸ் வாங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அது பார்வைக்கு அழகாக இருக்கிறதா, காலுக்கு இதமாக இருக்கிறதா என்று அவள் ஆராய்கிறாள். இரண்டும் அமைந்துவிட்டால் அவள் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால், அழகும் இதமும் எளிய விலையும் ஒரே பாதணியில் கூடுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

1837-ஆம் ஆண்டில் விக்டோரியா தமது 18-ஆம் வயதில் இங்கிலாந்தின் அரசியானார். அக்காலத்துப் பூட்சைக் கயிற்றால் இறுக்கவேண்டும். அல்லது பொத்தான்களால் பூட்டவேண்டும். கயிறு அறும், பொத்தான் தெறிக்கும். இத்தொல்லையைக் கண்ட லண்டன் பூட்ஸ் வினைஞர் ஸ்பார்க்ஸ்-ஹால் என்பவர், இருபக்கங்களிலும் இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும் பட்டைகளைப் பொருத்தி, புதுவகைப் பூட்ஸ் ஒன்றை அரசிக்குச் செய்தளித்தார். அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அரசி அதனை விரும்பி அணிந்தார். வெயிலில் இளகி, குளிரில் விறைத்துப்போகும் இயல்புடைய ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறை 1840-களில் கைவந்த பின்னர், அப்பட்டைகள் நன்கு உழைத்தன.

அரசிக்குக் கிட்டிய இதம் எளிய மகளிர்க்கும் கிட்டியது எவ்வாறு? அதனை அறிய நாம் அமெரிக்காவிலுள்ள லின் நகருக்குச் செல்லவேண்டும். பாஸ்டனுக்கு அருகே கடற்கரையில் அமைந்த அவ்வூர், பெண்கள் பாதணிக்குப் பெயர் பெற்றது. அங்கே பெண்கள் தத்தம் வீட்டிலிருந்தே மேல்தோலைத் தைத்தனர். ஆடவர் அதனை அடித்தோலுடன் இணைத்தனர். 1850-களில் தையல் இயந்திரம் வந்தது. வேலை தொழிற்சாலைக்கு மாறியது, கூலியோ குறைந்தது.

1860-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். மார்ச்சு 7-ஆம் நாள் நூற்றுக்கணக்கான பெண்கள் கொட்டும் பனியிலே தெருவழியே அணிவகுத்துச் சென்றனர். நியாயமான கூலி கொடுத்தால் மகிழ்ந்து உழைப்போம் என்பதே அவர்கள் கோரிக்கை. அதற்கு முந்தைய நாள், நியூ ஹேவன் நகரில் பேசிய ஆபிரகாம் லிங்கன், வேலைநிறுத்தம் செய்யும் உரிமை தொழிலாளர்க்கு இருப்பதை வரவேற்றார். வேலைநிறுத்தம் முழு வெற்றி பெறவில்லை. எனினும் முதலாளிகள் சிலர் கூலியை உயர்த்தினர்.

எஞ்சி நின்றது ஒரு கடினமான வேலை. பாத வடிவான மரக்கட்டையின்மேல் மேல்தோலை இழுத்துப் படியவைத்து, அடித்தோலோடு பொருத்துவதே அது. அச்சு வடிவம் பிசகினால் காலைக் கடிக்கும், அழகும் கெடும். கைதேர்ந்தவரும் ஒரு நாளில் ஏறத்தாழ 50 இணைகளுக்கே இதனைச் செய்ய முடிந்தது. தென் அமெரிக்காவின் சூரினாமில் 1852-இல் பிறந்து, லின் நகருக்கு வந்து சேர்ந்த யான் மாட்செலிகர் என்னும் கறுப்பின இளைஞர், பல ஆண்டுகள் வறுமையிலும் தளராது முயன்று இதற்கோர் இயந்திரம் அமைத்தார். 1883-இல் காப்புரிமை கிடைத்தது. அவ்வியந்திரம் நாளொன்றுக்கு 150 முதல் 700 இணைகள் வரை முடித்தது. பாதணியின் விலை இறங்கியது. அவரோ 1889-இல், 37 வயது நிரம்புமுன் காசநோயால் மறைந்தார். 1991-இல் அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.

பனியில் நடந்த பெண்களுள் பெரும்பாலோருடைய பெயர் நமக்குத் தெரியாது. நல்ல பாதணி ஒன்றைக் கையிலெடுத்து மகிழும்போது, அதன் தையலையும் சற்று உற்றுநோக்குங்கள். அரசியின் விருப்பத்தை வரலாறு எழுதி வைத்தது. உழைத்தவர் வரலாற்றை நாம்தாம் தேடிப் படிக்கவேண்டும்.