முப்பது பவுண்டு பேஸ்

புதிதாக ஒரு இசைக்குழு கூடும்போது கிட்டாருக்கு மூன்று பேர் முன்னால் நிற்பார்கள். பாட எல்லாரும் தயார். பேஸ் கிட்டார் மட்டும் யார் தலையிலாவது விழும். லிவர்பூலிலிருந்து ஹாம்பர்க்குக்குப் போய் இரவு விடுதிகளில் வாசித்துக்கொண்டிருந்த பீட்டில்ஸ் பையன்களுக்குள்ளும் 1961-இல் அப்படித்தான் விழுந்தது. ஜான் லெனன் எடுத்துக்கொள்ளவில்லை. ஜார்ஜ் ஹாரிசனும் எடுத்துக்கொள்ளவில்லை. மிச்சமிருந்தவர் பால் மெக்கார்ட்னி. பத்தொன்பது வயது அப்போதுதான் நிறைந்துகொண்டிருந்தது.

அதுவரை பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் அடிப்படையில் ஓவியர். லிவர்பூலின் வாக்கர் ஓவியக்கூடத்தில் நடந்த கண்காட்சியில் அவருடைய படம் ஒன்று 65 பவுண்டுக்குப் போனது. பேஸ் வாங்கிக்கொண்டு எங்களோடு வந்துவிடு என்று நண்பர்கள் நச்சரித்தார்கள். அவர் வாங்கியது ஹோஃப்னர் 500/5, நெஞ்சை மறைக்கும் அளவுக்குப் பெரிய உடல் கொண்ட பேஸ். வாசிக்கக் கற்றுக்கொண்டே மேடையேறியவர் அவர். ஹாம்பர்க்கில் காதலும் ஓவியப் படிப்பும் சேர்ந்து இழுக்க, குழுவை விட்டு விலகினார். விலகும்போது தன் பேஸை மெக்கார்ட்னிக்கு இரவல் கொடுத்தார், கம்பிகளைக் கழற்றி மாற்றிக் கட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. மெக்கார்ட்னி இடக்கைக்காரர். கொஞ்ச நாள் தடித்த கம்பி கீழே, மெல்லிய கம்பி மேலே என்று தலைகீழாகவே வாசித்தார். சட்கிளிஃப் மறு ஆண்டு ஏப்ரலில், 21 வயதில் இறந்துபோனார்.

இரவல் பேஸில் எத்தனை நாள் ஓட்டுவது? அன்றைக்கு எல்லார் கண்ணும் அமெரிக்க ஃபெண்டர்மேல்தான். லியோ ஃபெண்டர் 1951-இல் கலிஃபோர்னியாவில் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், கட்டைப் பலகையும் நீண்ட கழுத்துமாக, அந்த வாத்தியத்துக்கே இலக்கணமாகிவிட்டிருந்தது. விலை நூறு பவுண்டை ஒட்டி. கடன்படாதே என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்ததால் அந்தத் தொகையின் பக்கமே தான் போகவில்லை என்று மெக்கார்ட்னி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த அப்பா, ஜிம் மெக்கார்ட்னி, பருத்தி வியாபார நிறுவனத்தில் விற்பனையாளர். வேலை போக மிச்ச நேரத்தில் சொந்தமாக ஒரு ஜாஸ் குழு நடத்தியவர். வானொலியில் பாட்டு ஓடும்போது, கீழே ஓடுகிறதே அதுதான் பேஸ் என்று பையனுக்குக் காட்டியவரும் அவரே. தாத்தா பித்தளை வாத்தியக் குழுவில் டூபா ஊதினார். மூன்று தலைமுறையும் பிழைப்புக்காகத் தொடங்காத இசை. இந்தக் குடும்பத்தில் தாழ்ந்த சுரத்தைக் கேட்கும் காது, பேஸ் கிட்டார் வருவதற்கு முன்பே இருந்தது.

ஹாம்பர்க் கடையில் அவர் கண்ணில் பட்டது ஹோஃப்னர் 500/1. வயலின் வடிவம், முப்பது பவுண்டு அளவில் விலை. வலமும் இடமும் ஒரே மாதிரி இருப்பதால், இடக்கைக்குத் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பதே தன்னை இழுத்தது என்றார். இடக்கைக்கென்றே செய்யப்பட்ட ஒன்று 1961 கோடையில் அவர் கைக்கு வந்தது.

அந்த வயலின் வடிவம் விற்பனைக்காகப் போட்ட வேஷம் அல்ல. ஹோஃப்னர் குடும்பத்தின் பூர்வீகத் தொழிலே வயலின்தான். கார்ல் ஹோஃப்னர் 1887-இல் பட்டறை தொடங்கிய ஷோன்பாக், இன்று லூபி என்ற பெயரில் செக் நாட்டில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வாத்தியக் கைவினைஞர்கள் பலர் பவேரியாவின் பூபன்ராய்ட் என்ற சிற்றூரில் குடியேறி, உளியும் பிசினுமாகத் திரும்பவும் தொடங்கினார்கள். அங்கேதான் கார்லின் மகன் வால்டர் 1955-இல் 500/1-ஐ வடிவமைத்தார். மேலே ஸ்ப்ரூஸ், பின்னும் பக்கமும் மேப்பிள், உள்ளே வெற்றிடம். ஊர் இழந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த மரவேலையை மின்சார யுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த பொருள் அது. இதைச் சொல்லாமல் அதன் ஒலியைப் பற்றிப் பேச முடியாது.

ஃபெண்டரில் கம்பி 34 அங்குலம் நீளும். இதில் 30 தான். எடையும் ஏறத்தாழ பாதி. தட்டையாகச் சுற்றிய கம்பிகளை இந்தப் பொள்ளலான உடலின்மேல் மீட்டினால் சுரம் உருண்டு பிறந்து, நீளாமல் சட்டென்று அடங்கும். நீண்டு நிற்கும் ஓசையை விரும்புகிறவர்கள் இதைக் குறை என்பார்கள். எனக்கு அது குறையாகப் பட்டதில்லை. ஒரு சுரம் சீக்கிரம் அடங்கினால் அடுத்த சுரத்துக்கு இடம் கிடைக்கிறது. நீளாத ஓசையை வைத்துக்கொண்டு சும்மா நிற்க முடியாது. நடந்துகொண்டே இருக்க வேண்டும். மெக்கார்ட்னியின் பேஸ் நடந்தது, பிறகு தாவியது, கடைசியில் பாட்டுக்குள் இன்னொரு பாட்டாகப் பாடியது. கழுத்து சிறியதாகவும் கை இலேசாகவும் இருந்ததால் மேல் கட்டங்களுக்குப் போக அவர் தயங்கவில்லை. காசில்லாமல் வாங்கிய பேஸ் அவருடைய கையை வடிவமைத்தது என்பதே என் எண்ணம். பொழுதுபோக்காக வாசிக்கப் பேஸ் தேடுகிறவர்கள் பெயரையும் மரத்தையும் ஆராய்கிற அளவுக்கு எடையைப் பார்ப்பதில்லை. அரை மணி நேரம் தோளில் மாட்டி நின்று பாருங்கள். வலிக்கிற பேஸ் எவ்வளவு உயர்ந்ததானாலும், வாங்கிய சில மாதங்களில் உறைக்குள் போய்விடும். பிறகு விற்பனைக்கு வரும்.

மெக்கார்ட்னியின் ஹோஃப்னர் உறைக்குள் போகவே இல்லை. ஹாம்பர்க்கின் டாப் டென் விடுதி, பிறகு லிவர்பூல் கேவர்ன் நிலவறை என்று இரவிரவாக உழைத்தது. ஏட்ரியன் பார்பர் என்ற உள்ளூர் கிட்டார் கலைஞர் செய்துகொடுத்த ஸ்பீக்கர் பெட்டிக்கு, அதன் அளவைப் பார்த்துச் சவப்பெட்டி என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1962 ஜூன் 6 அன்று லண்டனில் இஎம்ஐ ஒலிப்பதிவுக்கூடத்தில் முதல் முறை நுழைந்தபோது, ஆம்பும் அந்தப் பெட்டியும் போட்ட இரைச்சலில் பதிவே செய்ய முடியவில்லை. பொறியாளர்கள் நார்மன் ஸ்மித்தும் கென் டவுன்சென்டும் எதிரொலி அறையில் இருந்த டனாய் ஸ்பீக்கரைத் தூக்கிவந்து, வேறொரு ஆம்போடு பொருத்திக் கொடுத்தார்கள். அந்த செப்டம்பரில் ‘லவ் மீ டூ’ பதிவானது. 1963 பிப்ரவரி 11 அன்று முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி ஒரே நாளில் முடிந்தது. ஜூலையில் ‘ஷீ லவ்ஸ் யூ’. உலகம் தலைகீழானதற்கு அடியில் கேட்கும் தாழ்ந்த சுரமெல்லாம் இந்த முப்பது பவுண்டு மரத்திலிருந்து வந்தது.

1963 இலையுதிர் காலத்தில் புதிய 500/1 ஒன்று வந்தது. பார்வைக்கு அண்ணன் தம்பி. கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பை வைத்து அடையாளம் காணலாம். பழையதில் இரண்டு பிக்கப்பும் கழுத்துப் பக்கம் நெருங்கி இருக்கும், புதியதில் தள்ளித் தள்ளி இருக்கும். 1964-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தது புதியதைத்தான். பழையது மாற்று வாத்தியமானது. அதே ஆண்டு அதற்குப் புது வார்னிஷ் பூசி, தளர்ந்திருந்த பிக்கப்புகள் இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் பொருத்தினார்கள். 1968-இல் ‘ரெவல்யூஷன்’ படப்பதிவிலும், 1969 ஜனவரியில் படமாக்கப்பட்ட ஒத்திகைகளிலும் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போனது.

1969-இல் ஏதோ ஒரு சேமிப்பறையிலிருந்து போயிருக்கும் என்றே பல காலம் எல்லாரும் நம்பினார்கள். உண்மையில் போனது 1972 அக்டோபர் 10 இரவு. மெக்கார்ட்னியின் அடுத்த குழுவான விங்ஸின் சாமான்கள் ஏற்றிய வேன் லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் நிறுத்தப்பட்டிருந்தது. பூட்டை உடைத்து எடுத்துப் போய்விட்டார்கள். எடுத்தவர் அருகிலிருந்த அட்மிரல் பிளேக் என்ற மதுக்கடையின் உரிமையாளரிடம் அதைத் தள்ளிவிட்டார். சில பவுண்டும் கொஞ்சம் இலவச பீரும்தான் கைமாறின என்று செய்திகள் சொல்லின.

இந்த விற்பனையை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. பழைய பேஸை விற்பவர் கீறலைக் காட்டுவார், கழுத்தின் வளைவைச் சொல்வார், எந்த மேடையில் வாசித்தது என்று பெருமைப்படுவார். வாங்குபவர் தட்டிப் பார்ப்பார், பேரம் பேசுவார், வீட்டுக்குப் போனதும் வாசிப்பார். திருட்டுப் பொருளுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. அதன் வரலாற்றைச் சொன்னால் விற்க முடியாது. சொல்லாவிட்டால் அது வெறும் பழைய ஹோஃப்னர். மேடையில் ஏற்றினால் யாராவது கண்டுகொள்வார்கள். மதுக்கடைக்காரரின் குடும்பத்தில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய், கடைசியில் தெற்குக் கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸில் ஒரு வீட்டுப் பரணில் அடைந்தது. பத்திரிகைகள் பின்னாளில் அதற்கு ஒரு கோடி பவுண்டு வரை மதிப்புச் சொன்னன. அந்த மதிப்பு ஏறிய ஆண்டுகள் முழுவதும் அதில் ஒரு கச்சேரிகூட நடக்கவில்லை.

பேஸ் உலகத்தில் இப்படிப் போனவை வேறும் உண்டு. மோட்டவுன் பாடல்களின் தூணான ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962 பிரிசிஷன், 1983-இல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன் களவுபோனது, இன்றுவரை கிடைக்கவில்லை. ஜாக்கோ பாஸ்டோரியஸின் ஃபெண்டர் 1986-இல் நியூயார்க் பூங்கா ஒன்றில் தொலைந்து, இருபது ஆண்டு கழித்து அதே ஊர்க் கடையில் தலைகாட்டியது. அது குடும்பத்தின் கைக்குத் திரும்ப மெட்டாலிக்காவின் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

மெக்கார்ட்னி பேஸைத் தேடத் தொடங்கியவர் ஹோஃப்னர் நிறுவனத்தில் வேலை பார்த்த நிக் வாஸ். 1961 பேஸ் என்ன ஆயிற்று என்று மெக்கார்ட்னியே அவரிடம் கேட்டிருக்கிறார். 2018-இல் தேடல் ஆரம்பித்தது. பத்திரிகையாளர்கள் ஸ்காட் ஜோன்ஸும் நவோமி ஜோன்ஸும் சேர்ந்தபின், 2023 செப்டம்பரில் உலகறிய வேண்டுகோள் விடுத்தார்கள். வந்து குவிந்த நூற்றுக்கணக்கான கடிதங்களில் ஒன்று, விங்ஸின் ஒலிப் பொறியாளராக இருந்தவருடையது. 1972, நாட்டிங் ஹில், வேன் என்று அவர் எழுதியதும் அரை நூற்றாண்டுத் தவறான நம்பிக்கை உடைந்தது. செய்தி ஹேஸ்டிங்ஸ் வீட்டை எட்டியது. பரணில் இருப்பது என்னவென்று புரிந்துகொண்ட குடும்பம் அதை உரியவரிடமே சேர்த்தது. ஹோஃப்னர் சோதித்து உறுதி செய்ய, 2024 பிப்ரவரியில் செய்தி வெளியானது.

பேஸ் முழுதாக இருந்தது, தன் பழைய பெட்டியோடு. வாசிக்கும் நிலையில் இல்லை; பழுதுபார்க்க வேண்டியிருந்தது. செய்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்காமல் கம்பி கட்டிக் கையில் எடுத்ததற்காக மெக்கார்ட்னியை நான் இன்னும் ஒரு படி மேலே வைக்கிறேன். 2024 டிசம்பர் 19 அன்று லண்டன் ஓ2 அரங்கில், 82 வயதில், அதைத் தோளில் மாட்டினார். பக்கத்தில் கிட்டாரோடு ரோலிங் ஸ்டோன்ஸின் ரானி வுட். ‘கெட் பேக்’ ஒலித்தது.